நாற்பது மில்லிசெகண்ட்

முதலில் அந்த ஹெட்செட்டைக் கழற்று, மெர்சிட்டா.
காற்றில் வரும் பாட்டு கொஞ்சம் பிந்தித்தான் வரும்.
மண்டபம் பஜாரில் எண்பது ரூபாய்க்கு
வயர் வைத்தது விற்கிறான்.
சிவப்பு வேண்டாம்,
சிவப்பில் இடது காது ஒரே வாரத்தில் செத்துவிடும்.

திரையைத் துப்பட்டாவால் துடைக்காதே, உப்பு ஏறும்.
எட்டு மணி நேரம் கையுறைக்குள் ஊறிய விரல்
வீட்டுக்கு வந்தும் ஈரம் விடாது.
கேரம் போர்டுக்குப் போடுகிற பவுடர்,
கட்டைவிரல் நுனியில் ஒரு சிட்டிகை.

கட்டங்கள் வந்து விழுகிற கோட்டைப் பார்க்காதே.
அங்கே பார்த்தால் ஏற்கெனவே தவறவிட்டாய்.
இரண்டு விரற்கடை மேலே பார்.
கம்பெனியில் சதை எடுக்கும்போது
கையிலுள்ள நண்டையா பார்க்கிறாய்?
தட்டில் கிடக்கும் அடுத்ததைத்தானே.

வேகத்தைக் கூட்டு.
நம்பமாட்டாய், நானும் நம்பவில்லை.
மெதுவாக இறங்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்,
அமாவாசைக்கு முந்தின ராத்திரி
ராமேஸ்வரம் பாசஞ்சர் மாதிரி.
கூட்டினால் நடுவில் வெளிச்சம் தெரியும்.
தாளம் அதே தாளம்தான்.
ஆறில் தொடங்கு. நான் எட்டரை.

நீளக் கட்டத்தை அழுத்திப் பிடிக்கையில்
மூச்சையும் சேர்த்துப் பிடிக்கிறாய்,
சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன்.
மூச்சை விடு.

இடக்கை வடகடல், வலக்கை தென்கடல்.
ஒன்று கொந்தளித்தால் மற்றது
குளம்போலக் கிடக்கும் என்றுதான் இருந்தேன்.
ஒன்பதாம் நிலையில் இரண்டும் சேர்ந்தே எழும்.
அப்போது எந்தக் கரையில் வள்ளம் கட்டுவது
என்று என்னைக் கேட்காதே,
அங்கே எனக்கும் குருட்டு அடிதான்.

இனி அந்த அறுநூற்றுப் பதினொன்று.
உனக்கு மட்டும் இல்லை.
மூன்று மாதம் எனக்கும் அங்கேதான் அறுந்தது.
போன் சூட்டைச் சொன்னேன்.
பன்னிரண்டு சதவீத சார்ஜைச் சொன்னேன்.
ரயில் போனால் அதிரும் வேதாளை வீட்டுச் சுவரை,
ஓடு கிழித்த பெருவிரலை,
சூப்பர்வைசர் கபூரைக்கூடச் சொன்னேன்.

செட்டிங்கில் ஒரு பக்கம் உண்டு,
யாரும் திறப்பதில்லை.
ஒரு புள்ளி துடிக்கும், கூடவே தட்ட வேண்டும், இருபது முறை.
தட்டினேன்.
நாற்பது மில்லிசெகண்ட் என்றது.
பிந்தி இல்லை, மெர்சிட்டா. முந்தி.

எங்கள் வீட்டில் எல்லாமே பிந்தித்தான் வரும்.
மச்சானின் பணம், தண்ணீர் லாரி,
தங்கச்சி நிஸ்ரினின் உதவித்தொகை,
நம் இருவருக்கும் சம்பளம்.
ஆகையால் என் விரல்
தட்டுகிற சத்தம் கேட்கும் முன்பே
எழுந்துபோய்க் கதவைத் திறந்து
வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்பார்கள்.
மாற்றினேன்.
இடம் கொடுத்ததும் விரல் இன்னும் முந்தியது.
பழையபடி சுழியத்தில் வைத்தேன்.
தட்டும்போது எழுகிற டக் டக் ஒலியை அணைத்தேன்,
அது என் சத்தம், பாட்டின் சத்தமில்லை.
அடியில் ஒரு பெரிய மேளம் போகும்,
அதை மட்டும் கேட்டேன்.
மோசமான பன்னிரண்டு நொடியை
பாதி வேகத்தில், ஒரு நாளைக்கு முப்பது தடவை.
அதற்குமேல் ஆடினால் கைக்குத் தப்புதான் பழகும்.

போன வியாழன் கரண்ட் இல்லை.
வாசல்படியில் உட்கார்ந்தேன்.
அறுநூற்றுப் பத்து.
கை எழுந்தது. நிறுத்தினேன்.
எவ்வளவு நேரம் நிறுத்தினேன் என்று சொன்னால் சிரிப்பாய்,
கண் இமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்குமா?
அதற்குள் ஒரு முழுப் பகல் இருந்தது.
பிறகு மேளம் வந்தது, நானும் வந்தேன்.

ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு கட்டம்.
கடைசி ஒன்று இறங்கிக்கொண்டிருக்கையில்
“வந்துருச்சு!” என்று கத்தி
போனைத் தூக்கிவிட்டேன்.
ஒரு மிஸ்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
நீ எனக்கு முன்னால் முழுதாக முடித்துவிட்டால்,
முடித்துவிடுவாய், உன் விரல் நிதானம்,
அன்றைக்கே வந்து சொல்லாதே.
ஞாயிறு கழியட்டும்.
கொஞ்சம் பிந்திச் சொல்.